சற்றே சிரமம்

ஆமா சார், நான்தான். நீங்க ஏறுனதுல இருந்து என்னைய ஒரு மாதிரியா பாக்குறீங்க, நானும் கவனிச்சுக்கிட்டுத்தான் இருக்கேன். யூடியூப்ல மேசையைத் தட்டிக்கிட்டுக் கத்துவானே, அந்த டெரோ சீனிராஜ் நானேதான். உக்காருங்க, உக்காருங்க. பையை மடியில வச்சுக்கிறேன். சாத்தூர்தான் நமக்கு. தீப்பெட்டி ஆபீஸ்ல கணக்கு எழுதுறேன். ஞாயித்துக்கிழமை ஆனா மதுரை. மூணு வருசமா இதே பஸ்ஸுதான்.

இன்னிக்கு மட்டும் நான் இந்த வண்டியில இருக்க வேண்டிய ஆளு இல்லை. இருக்கன்குடி கோயில்ல என் தங்கச்சி மகளுக்குக் காதுகுத்து. நான்தான் தாய்மாமன். புள்ளை என் மடியிலதான் உக்காரணும். கோயிலு எங்க ஊருக்குப் பக்கத்துல, நான் எதிர்த்த தெசையில போய்க்கிட்டு இருக்கேன். ஏன்னு கேப்பீங்க. அதைத்தான் சொல்ல வர்றேன். சொன்னா நீங்களே, போப்பா, போய் நாலு கேள்வி கேட்டுட்டு வாப்பான்னுதான் சொல்லுவீங்க.

நிகழ்ச்சியை முழுசாப் பாத்ததில்லையா? துண்டு துண்டாத்தானா? அதானே, நான் கத்துற துண்டு மட்டும் உங்களுக்கு வந்திருக்கும். எல்லாருக்கும் அதுதான் வருது. கைபேசிக் களம்னு பேரு சார். மாசிலாமணி அய்யா நடத்துறாரு. முன்னாடி ஒரு பத்திரிகையில அறிவியல் பக்கம் பாத்தவரு. முதல்ல அந்த வாரத்துச் செல்போன் செய்தி பூராத்தையும் வாசிப்பாரு. பெறகு பட்டிமன்றம். இப்ப போனுன்னா ரெண்டே ரகந்தானே? உள்ள ஓடுற சரக்கு ஒண்ணு டெரோவா இருக்கும், இல்லைன்னா ஓல்வினா இருக்கும். ரெண்டுல எது ஒசத்தி, அதான் வாரா வாரம் வழக்கு. டெரோவுக்கு நான். ஓல்வினுக்குத் தாவீதுன்னு ஒருத்தன். நடுவரு அய்யா.

நான் கோயில் கொடைக்கெல்லாம் பட்டிமன்றம் பேசுனவன் சார். மாமியாரா மருமகளா, பட்டணமா கிராமமான்னு பேசாத தலைப்பில்லை. அப்படி ஒரு மேடையிலதான் அய்யா என்னையப் புடிச்சாரு. உங்க தொண்டை எனக்கு வேணும் சீனின்னாரு. முதல் நாள் போனப்ப எங்கிட்ட பட்டன் போன். டெரோவும் தெரியாது, ஓல்வினும் தெரியாது. அய்யா சீட்டுக் குலுக்கிப் போட்டாரு. எனக்கு டெரோ வந்துச்சு. வந்துச்சு பாத்தீங்களா! அது சும்மா வராது சார். மறுநாளே போய் ஒரு டெரோ வாங்குனேன். என் வீட்டுக்காரிக்கு ஒண்ணு. ஆபீஸ்ல பேக்கிங் பாக்குற பொம்பளைங்க எல்லாரையும் டெரோ வாங்க வச்சேன். நியாயம்னு ஒண்ணு ஒரு பக்கம் இருந்தா அந்தப் பக்கம் நிக்கணும், என்ன நான் சொல்றது?

ஆனா மூணு வருசத்துல எனக்கு ஒரு தீர்ப்பு வரலை. ஒண்ணுகூட வரலை சார்.

சரி, தீர்ப்பை விடுங்க. அந்தச் செய்தி வாசிக்கிறதைக் கேளுங்க. வடக்க எவனோ ஒருத்தன் சட்டைப் பையில டெரோ போன் சூடாயிருச்சு. ஒத்தப் போன். அய்யா வாசிக்கிறாரு: "டெரோ பயனர்கள் கடும் அதிர்ச்சி." நானும் டெரோ பயனர்தான், நான் அதிர்ச்சியாகலையே! அதே மாசம் ஓல்வின்காரன் புதுசா என்னமோ அனுப்புறேன்னு அனுப்பி, விடிஞ்சு எந்திரிச்சுப் பாத்தா அவனவன் போனு செங்கல்லு மாதிரிக் கெடக்கு. ஆயிரக்கணக்குல. அலாரம் அடிக்கலை, ஒருத்தன் ரயிலை விட்டான், ஒருத்தன் பரிச்சையை விட்டான். அதுக்கு என்ன வாசிச்சாரு தெரியுமா? "ஓல்வின் பயனர்களுக்குச் சற்றே சிரமம்." சற்றேயாம்! அந்தச் சற்றே இருக்கே சார், அது தொண்டையில மீன் முள்ளு மாதிரி நின்னுக்கிச்சு. அன்னிக்கு எனக்குச் சோறு எறங்கலை.

இன்னொண்ணு. ஒரே நேரத்துல ரெண்டு வேலையைத் திரையில பாக்குற மாதிரி டெரோவுல எப்பவோ வந்துருச்சு. வந்தப்ப, "இந்த வசதி யாருக்குத் தேவை?"ன்னு கேட்டாரு. அதையே ஓல்வின்காரன் இப்பக் கொண்டாந்தான். "கைபேசி உலகில் புரட்சி"ங்கிறாரு. நான் கேமராவுக்கு முன்னாடியே கேட்டேன், "அய்யா, நாங்க சமைச்சா பழைய கஞ்சி, அவங்க சமைச்சா பிரியாணியா?"ன்னு. கைத்தட்டல்னா கைத்தட்டல். அய்யாவும் சிரிச்சாரு. சிரிச்சுப்புட்டு, தீர்ப்பு ஓல்வினேன்னாரு.

டெரோவுல கொறையே இல்லைன்னு நான் சொல்ல வரலை. என் போனு மத்தியானத்துக்குள்ள சார்ஜ் எறங்கிரும். அதுக்குப் போனு என்ன பண்ணும், எங்க தெருக் கரண்டு அப்படி. ஒருதடவை நேரலையிலேயே உறைஞ்சுபோய் நின்னுருச்சு, அது அந்த லைட்டுச் சூடு. நான் நடுநிலையாத்தான் சார் பேசுறேன். அதான் எவனுக்கும் புடிக்கலை.

வீட்டுக்குள்ளேயே புடிக்கலை. என் தங்கச்சி மாரிக்கனி. எனக்கு அவ ஒருத்திதான் சார், அவளுக்கும் நான் ஒருத்தன்தான். அவளைக் கட்டுனவரு பொன்பாண்டி, சிவகாசியில அச்சாபீஸ்ல சூப்பர்வைசர். அவ உண்டாயிருந்தப்ப மனுசன் அவளுக்கு ஒரு போன் வாங்கிக் குடுத்தாரு. என்ன போன்? ஓல்வின். ஊரு பூரா நான் டெரோன்னு தொண்டை கிழியக் கத்துறேன், என் தங்கச்சி கையில ஓல்வின். சரி, ஆசைக்கு வாங்கிட்டாருன்னு பல்லைக் கடிச்சுக்கிட்டேன். அதுக்கு அடுத்த வாரம் நான் தோத்த நிகழ்ச்சிக்குக் கீழ ஒரு கருத்து. பொன்பாண்டி, சிவகாசி. "சரியான தீர்ப்பு." அதுக்கு ஒரு கட்டைவெரலு வேற. மச்சான் மேல கொஞ்சமாச்சும் இது இருந்தா எழுதுவாரா சார்? எழுதிட்டு, சும்மா வெளையாட்டுக்கு மச்சான்னாரு. வெளையாட்டா?

பேச்சை விட்டேன். வளைகாப்புக்குப் போகலை. புள்ளை பொறந்துச்சு, லக்ஷிதான்னு பேரு வச்சாங்க, அதுக்கும் போகலை. என் வீட்டுக்காரி மட்டும் போயிட்டுப் போயிட்டு வருவா. புள்ளைக்கு மூக்கு உங்களை மாதிரிங்கன்னுவா. இருந்துட்டுப் போகட்டும்னேன்.

போன மாசம் மாரிக்கனி தானே வந்துட்டா. வெத்தலை பாக்கு, பூவு, பழத்தோட, இடுப்புல புள்ளையைத் தூக்கிக்கிட்டு. வாசப்படி ஏறல, அங்கனயே நிக்கிறா. "அண்ணே, இருக்கன்குடியில மொட்டை போட்டுக் காது குத்துறோம். உன் மடியிலதான் குத்துவேன். நீ வரலைன்னா குத்த மாட்டேன்"ங்கிறா. அந்தப் புள்ளை என்னையப் பாத்துக் கையை நீட்டுது சார். மூக்கு நெசமாவே என்னைய மாதிரிதான். வர்றேன் போன்னு சொல்லிட்டேன். அன்னிக்கு அவ எங்க வீட்டுல சாப்பிட்டுட்டுத்தான் போனா.

அப்ப எல்லாம் சரியாயிருச்சேன்னு பாக்குறீங்க. இருங்க.

அதுக்கு அடுத்த ஞாயித்துக்கிழமையும் தோத்தேன். அன்னிக்கு மனசு கேக்கலை. அய்யாகிட்டத் தனியாப் பேசிரணும்னு நெனைச்சேன். எனக்குள்ள ரொம்ப நாளா ஒரு சந்தேகம், ஓல்வின்காரன் அவருக்குக் காசு எதையாச்சும் தள்ளுறானோன்னு. இருந்தாலும் அவரு எங்கிட்ட மறைக்க மாட்டாருன்னு ஒரு நம்பிக்கை. ஏன்னா, எங்கப்பா செத்தப்ப மதுரையில இருந்து ஓடியாந்து தோள் குடுத்த மனுசன் சார் அவரு. பாடையில ஒரு பக்கம் நான், ஒரு பக்கம் அவரு. அப்படிப்பட்டவரு. ஒரு பொட்டலம் காராச்சேவு வாங்கிக்கிட்டு சாயங்காலமா அவரு வீட்டுக்குப் போறேன். கதவு தெறந்து கெடக்கு. உள்ள சிரிப்புச் சத்தம். யாருன்னு பாத்தா தாவீது. மூணு வருசமா மேடையில என்னைய வாடா போடாங்கலையே தவிர மத்தது பூராவும் சொன்ன தாவீது. அய்யாவும் அவனும் ஒரே மேசையில இடியாப்பம் சாப்பிடுறாங்க.

சாப்பிடட்டும், அது தப்பில்லை. செவுத்துல ரெண்டு போன் சார்ஜ் ஏறிக்கிட்டு இருந்துச்சு சார். ரெண்டும் டெரோ.

நான் கேட்டேன், இது யாருதுன்னு. "ஒண்ணு என்னது, ஒண்ணு அய்யாது"ங்கிறான் தாவீது, வாயில இடியாப்பத்தோட. அப்ப மேடையில ஆட்டி ஆட்டிக் காட்டுவியே அந்த ஓல்வின்? "அது கடையில கண்ணாடிப் பெட்டிக்குள்ள வைக்கிற டம்மிண்ணே. உள்ள ஒண்ணும் இருக்காது. நான் வாங்குற சம்பளத்துக்கு ஓல்வினா வாங்க முடியும்?" அண்ணேங்கிறான் சார் என்னைய.

அய்யாவைப் பாத்தேன். "எவ்வளவு வாங்குனீங்க?"ன்னு கேட்டேன். மூணு வருசத்துல முதல்தடவையா அய்யான்னு சொல்லாமக் கேட்டேன். அவரு கையைக் கழுவிட்டு வந்து, சாமி படத்தைக் காட்டி, "ஒரு பைசா வாங்கலை சீனி. ஓல்வின்காரனுக்கு நான் இருக்கிறதே தெரியாது"ன்னாரு. பொய் இல்லை, அவரு மொகத்தைப் பாத்தாலே எனக்குத் தெரியும். அப்பறம் ஏன்யான்னேன். அவரு பொறுமையா, கணக்குச் சொல்லித் தர்ற மாதிரிச் சொல்றாரு: "நம்ம பக்கம் பத்துக்கு எட்டுப் பேர் வச்சிருக்கிறது டெரோ. டெரோ ஜெயிச்சதுன்னு வைங்க, சரிதான்னுட்டுப் போய்ப் படுத்துருவான். தோத்தாத்தான் வாரம் பூரா வந்து வந்து திட்டுவான். அடுத்த வாரம் என்ன சொல்றான் பாப்போம்னு மறுபடி வருவான். செய்தியும் அதே மாதிரித்தான் சீனி, கொஞ்சம் சாச்சு எழுதுனாத்தான் படிக்கிறவனுக்குச் சுருக்குன்னு தைக்கும். அதுலயும் உங்க மொகம் செவக்குது பாருங்க, அந்த எடத்துலதான் சனம் அப்படியே நிக்குது."

கேட்டீங்களா சார்? காசு வாங்கியிருந்தாக்கூட என் மனசு ஆறியிருக்கும். சரி, பேராசை, மனுசன் சபலப்பட்டுட்டான்னு விட்டுருப்பேன். என் வயித்தெரிச்சலை அடுப்பாக்கி அதுல சோறு பொங்கியிருக்காங்க. எங்கப்பாவுக்குத் தோள் குடுத்த ஆளு!

தாவீது சொல்றான், "என்னண்ணே இது, பட்டிமன்றம்னா அப்படித்தானே? மாமியார் பக்கம் பேசுனீங்களே, வீட்டுக்குப் போய் அண்ணியோடயா சண்டை போட்டீங்க?" அது வேற, இது வேறடான்னேன். எப்படி வேறன்னு கேட்டான். வேறன்னா வேறதான். அய்யா வீட்டம்மா வந்து, வந்தவரை நிக்க வச்சே பேசுறீங்களேன்னு ஒரு தட்டைப் போட்டுட்டாங்க. சாப்பிட்டேன் சார். பசி. அந்த வீட்டுல ஒரு வாய் தண்ணி குடிச்சிருக்கக் கூடாதுதான், ஆனா தேங்காப்பால் நல்லாருந்துச்சு.

கையைக் கழுவிட்டுச் சொன்னேன்: "ஊரு பூரா சொல்லுவேன். உங்க நடுநிலையைத் தெருவுக்கு இழுக்காம விட மாட்டேன்." அய்யா, "சொல்லுங்க சீனி, உங்களுக்கு அந்த உரிமை இருக்கு. ஊர்ல எதுக்கு, நம்ம மேடையிலேயே சொல்லுங்க. நேரலையா வச்சுக்குவோம்"ன்னாரு. பயந்துட்டாரு சார். எனக்குத் தெரிஞ்சு போச்சு, மனுசன் ஆடிப்போயிட்டாரு. மறுநாளே விளம்பரம் போட்டாச்சு. இந்தா பாருங்க, என் போட்டோதான், கண்ணு ரெண்டும் பிதுங்குற மாதிரி. "நடுவரா? நரியா? சீறுகிறார் சீனிராஜ்!" நரிங்கிறதை அவரே எழுதிப் போட்டுருக்காரு. மனசாட்சி உறுத்தாமயா போடுவாரு? இதுவரைக்கும் எந்த நிகழ்ச்சிக்கும் இப்படிக் கூட்டம் காத்துக்கெடந்ததில்லைன்னு தாவீதே போன் போட்டுச் சொல்றான். சந்தோசமா வேற சொல்றான், வெக்கங்கெட்ட பய.

ஞாயித்துக்கிழமை பத்து மணின்னு போட்டுட்டாங்க. அப்பறம்தான் பாக்குறேன், காதுகுத்து முகூர்த்தமும் அதே நேரம். அய்யாகிட்டக் கேட்டேன், ஒரு வாரம் தள்ளி வைங்கன்னு. "தள்ளுனா ஆறிப்போயிரும் சீனி, சூடா இருக்கணும்"னாரு. அதுவும் நியாயந்தானே? மாரிக்கனிகிட்டச் சொன்னேன், நீ தள்ளி வையின்னு. கத்துவான்னு நெனைச்சேன், கத்தலை. "எப்ப முடியும்ணே?"ன்னு மட்டும் கேட்டா. எனக்கென்ன தெரியும், நேரலை. விடிகாலம் என் வீட்டுக்காரி மாமன் சீரைத் தூக்கிக்கிட்டுத் தனியாப் போனா. பட்டுப் பாவாடை, கம்மல், பழத்தட்டு எல்லாம் நான் பாத்துப் பாத்து வாங்குனது. போறப்ப, "அந்தாளு உங்களை மூணு வருசமா வித்தான், இன்னிக்கு நீங்களே போய்க் கூடையில உக்காருறீங்க"ன்னா. அவளுக்கு என்ன தெரியும்? துரோகம்னா என்னன்னு பட்டவனுக்குத்தான் தெரியும்.

விருதுநகர் வந்துருச்சா? இங்க கொஞ்சம் நிக்கும். டீ சாப்பிடுறீங்களா?

என்ன சார்? எறங்கவா? எதிர்ப்பக்கம் சாத்தூர் வண்டியா... ஆமா, நிக்குதுதான். இப்ப ஏறுனா போயிரலாம்தான். அங்கன எறங்கி ஒரு ஆட்டோ புடிச்சா... மொட்டை போட்டுக் குளிப்பாட்டி முடிக்கிறதுக்குள்ள போயிரலாம். அய்யாவுக்கு என்ன சொல்றது? ஒண்ணும் சொல்ல வேணாமா? அது சரி, அவரு எனக்கு என்ன சொன்னாரு. சார், இந்தப் பையைக் கொஞ்சம் புடிங்க. மேல என் துண்டு இருக்கும் பாருங்க, அதை எடுங்க.

யாருப்பா? ஆமாப்பா, நான்தான்! சன்னலுக்கு அங்கிட்டு, அந்த ஆட்டோக்காரரு சார். பத்து மணிக்கா? ஆமாப்பா, வர்றேன், வர்றேன்! கிழிச்சுருவோம்! ஒருத்தனையும் விடுறதில்லை! நீ டெரோதானே? அப்படிச் சொல்லு!

பாத்தீங்களா சார். சவாரியை விட்டுட்டுக் காத்திருக்கேன்னு சொல்றாரு. கூட நாலு பேரு, நாலும் டெரோ. இவங்களை ஏமாத்திட்டு நான் எப்படி எறங்குறது? எறங்குனா எனக்கும் அந்த மாசிலாமணிக்கும் என்ன வித்தியாசம்? வண்டி எடுத்துட்டான். பையைக் குடுங்க.

மடின்னா மடி. எந்த மடியா இருந்தா என்ன, காது குத்துறதுதானே. மாப்ளைக்கு அண்ணன் இருக்காரு, அவரு உக்காரட்டும். வலிக்கும்போது மாமன் மடின்னா அழுகை அடங்குமா, என்ன? இதெல்லாம் நாமளாப் பேசிக்கிறது.

போன் அடிக்குது. மாரிக்கனிதான். சார், ஒரு உபகாரம், நீங்க எடுத்துப் பேசுங்க. நான் எடுத்தா குரல் கம்மிரும், நேரலைக்குத் தொண்டை வேணும். பக்கத்து சீட்டுக்காரருன்னு சொல்லுங்க, கோச்சுக்க மாட்டா. சொல்லுங்க, சொல்லுங்க.

என்ன சொல்றா? மொட்டை போட்டாச்சா. ஆசாரி வந்துட்டாரா. சரி. யாரு மடியில வைக்கிறாங்கன்னு கேளுங்க.

என்னது? யாரையும் உக்கார வைக்கலையா? மாப்ளை அவங்க அண்ணனை உக்காரச் சொன்னதுக்கு இவ வேணாம்னுட்டாளா? மாமன் உக்கார்ற பலகையைப் போட்டுச் சும்மா வச்சிருக்காளா? கூறுகெட்டவ சார், சின்னதுல இருந்தே இப்படித்தான், சொன்னா சொன்னதுதான். அழுவுறாளா? சத்தம் கேக்குதே. அவ இல்லையா, புள்ளையா?

சார், பதமாச் சொல்லுங்க. மாமன் வருவாருன்னு சொல்லுங்க. பத்து மணிக்கு டாண்ணு வருவாரு. மாப்ளை அவளுக்கு வாங்கிக் குடுத்த போனை அந்தப் பலகை மேல நிமித்தி வச்சு, புள்ளையை அதுக்கு முன்னாடி உக்காத்தச் சொல்லுங்க. ஓல்வின்லயும் நல்லாத் தெளிவாத் தெரியும் சார், சொல்லுங்க.